சத்தம் போடாத பச்சை

கொடைக்கானல் மலைமேல் மன்னவனூரில் வீடு கட்டியபோது, சுவருக்கு என்ன நிறம் என்பதை மட்டும் நான்தான் சொல்வேன் என்று லீலா பிடிவாதமாக நின்றாள். வாசல் எந்தத் திசையைப் பார்ப்பது, சமையலறைக்கு எத்தனை ஜன்னல் என்பதையெல்லாம் அவள் கணவர் சேனாதிபதியும் அவருடைய அண்ணன் தம்பிகளும் பேசி முடித்திருந்தார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. நிறமாவது மிஞ்சியதே என்று வத்தலக்குண்டுக் கடையிலிருந்து வந்த கலர் அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

வெளிச்சுவருக்கு ரோஸ். தூணுக்கு ஊதா. ஹாலுக்கு மாம்பழ மஞ்சள், படுக்கையறைக்கு வானநீலம். லீலா பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தவரின் மகள். குங்குமக் குவியலும் பச்சை வேட்டியும் கலர் கயிறும் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி மலைக்கு வந்தபோது, வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள் மூழ்கிக் கிடக்கும் இந்த ஊரில் அவளுக்கு வயிற்றைவிட முதலில் கண்தான் பசித்தது. அந்தப் பசியை ரோஸ் வீடு தீர்த்தது. எவ்வளவு மேகம் இறங்கினாலும் ரோட்டு வளைவிலிருந்தே வீடு தெரியும்.

அந்தச் சந்தோஷத்தில் கை வைத்தவள் முருகேஸ்வரி. எதிர்ச் சரிவில் குடியிருந்தவள், மறு வருஷமே தன் வீட்டுக்கும் அதே ரோஸை அடித்தாள். அதே கடை, அதே டப்பா. கேட்டதற்கு, "ரோஸ் என்ன உங்க ஒருத்தருக்கா மதினி எழுதி வச்சிருக்கு?" என்றாள். அதன்பிறகு இருவருக்கும் இடையில் பூண்டு விளைச்சலைத் தவிர வேறு பேச்சு இல்லை.

போன வருஷம் அவர்கள் காரட்டில் பாதியைக் காட்டுமாடு தின்றது. மீதியை மழை தின்றது. சேனாதிபதி இரண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் ஹோம்ஸ்டே நடத்தப் போவதாக அறிவித்தார். ஊரில் ஏற்கெனவே நாலைந்து வீடுகளில் அந்தப் பலகை தொங்கியது. மகன் விக்னேஷ் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டதால் பக்கவாட்டில் தனி வாசலுடன் அவன் அறை சும்மா கிடந்தது. பொங்கலுக்கு வந்த விக்னேஷ் வீட்டை வெளியே நின்று அழகாக ஒரு போட்டோ எடுத்து இணையத்தில் போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறினான்.

ஆள் வருவதற்கு முன் ஸ்வேதா வந்தாள். சேனாதிபதியின் அக்கா மகன் கோகுல்ராஜின் மனைவி. கோயம்புத்தூரில், பணக்காரர்களின் வீட்டை உள்ளே அலங்கரித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். வந்ததும் வராததுமாக வீட்டைச் சுற்றி வந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வீடு நல்லா இருக்கு மாமா. ஆனா ரொம்பச் சத்தம் போடுது."

சேனாதிபதி ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டார். "மேல இருக்கிற தகரமா இருக்கும்மா. காத்தடிச்சா அது கெடந்து ஆடும்."

"தகரம் இல்ல மாமா. கலர்."

அவள் தன் போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினாள். எல்லா வீட்டுச் சுவரும் ஒரே நிறத்தில் இருந்தன. பச்சைதான், ஆனால் லீலாவுக்குத் தெரிந்த எந்தப் பச்சையும் இல்லை. கிளி இல்லை, வாழை இலை இல்லை. பெய்து ஓய்ந்த மழைக்குப் பின் சோலைக் காட்டின் அடியில் கிடக்கும் இருட்டில் கொஞ்சம் சாம்பலைக் கலந்ததுபோல் ஒன்று.

"டார்க் மியூட்டட் கிரீன் மாமா. இப்ப எங்க பாத்தாலும் இதுதான். உள்ளயும் வெளியவும் இதையே அடிச்சிட்டா வீடு இயற்கையோட அப்படியே கலந்துரும். சிட்டி ஆளுங்க அதைத்தான் தேடி வர்றாங்க."

"இயற்கையோட கலந்துட்டா வீடு எங்க இருக்குன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள் லீலா.

"அதுதான் அத்தை அழகே."

"மியூட்டட்னா என்னது?"

ஸ்வேதா கொஞ்சம் யோசித்தாள். "சத்தம் போடாத பச்சைன்னு வச்சுக்கங்க அத்தை."

அவள் ஊருக்குக் கிளம்பியதும் லீலா தன் கட்சியை எடுத்துப் பேசினாள். "ஏங்க, வருஷா வருஷம் செவத்துல பாசி புடிக்குதுன்னு உக்காந்து சொரண்டுறோம். இப்ப நாமளே கடையில பாசியை வாங்கியாந்து அடிக்கணுமா? வெளிய எட்டிப் பாத்தா மலை பூராம் பச்சை. உள்ளயும் எதுக்கு?"

"அந்தப் புள்ள இதுக்குன்னே படிச்சிருக்கு லீலா. உனக்கு என்ன தெரியும்?"

"என்னமோ செய்ங்க," என்றாள் லீலா.

அந்த வீட்டில் 'என்னமோ செய்ங்க' என்பது சாதாரண வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு மூன்று வேளைச் சோறு வரும், பேச்சு வராது. சேனாதிபதிக்கு அது தெரியும். தெரிந்தும் பெயிண்டுக்குச் சொல்லிவிட்டார்.

பெயிண்டர் திருமலைச்சாமி டப்பாவைத் திறந்து, குச்சியால் கலக்கி, சுவரில் ஒரு கை அடித்துப் பார்த்தான். அப்புறம் ஏணியிலிருந்து இறங்கி சமையலறை வாசலுக்கு வந்தான்.

"அக்கா, அடிக்கலர் நல்லாத்தான் புடிக்குது. மேல என்ன கலர்?"

"அதுதான் கலர்."

"இதேவா?"

"அவர்கிட்டக் கேளு."

திருமலைச்சாமி கேட்டான். பதிலைக் கேட்டபின், வேலைக்காரன் எதற்கு வம்பு என்பதுபோல் தலையாட்டிவிட்டு ஏணியில் ஏறினான். ஆனால் போகிற வருகிறவர்களிடமெல்லாம், இது தன்னுடைய யோசனை இல்லை என்று மறக்காமல் சொன்னான்.

முதலில் ரோஸ் போயிற்று. பிறகு மாம்பழ மஞ்சள். ரோலர் ஒருமுறை ஏறி இறங்கும்போது ஹால் ஒரு முழம் சுருங்கியதுபோல் இருந்தது லீலாவுக்கு. வானநீலத்துக்கு முறை வந்தபோது சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டு சேனாதிபதி என்னவென்று விசாரித்தார். வெங்காயம் உரிக்கிறேன் என்றாள். அன்றைக்கு வீட்டில் வெங்காயமே இல்லை.

வேலை முடிந்த மறுநாள் முருகேஸ்வரி, விளைச்சல் பேச்சு எதுவும் இல்லாமலேயே இறங்கி வந்தாள்.

"மதினி, வீட்டுல துக்கம் ஏதும் இல்லையே?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்."

"இல்ல, பாத்ததும் பக்குனு ஆயிருச்சு. அதான் வெரசா வந்தேன்."

அவளுக்குப் பின்னால் எதிர்ச் சரிவில் அவள் வீடு ரோஸ் நிறத்தில் பளபளத்தது. இப்போது அந்த ஊரில் ரோஸ் வீடு அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் பைக்கில் வந்த நாலு பையன்கள் வாசலில் நிறுத்தி, காட்டுக்குள் போக பாஸ் இங்கேதான் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். வனத்துறை அலுவலகம் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களை அனுப்பி வைத்தால் இன்னொரு கார் நின்றது. ஊரில் சேனாதிபதிக்கு 'ரேஞ்சர்' என்று பெயர் வந்தது. கிளாவரைப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து, தன் உருளைக்கிழங்கைக் காட்டுமாடு மிதித்த கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். நடுவில் நிறுத்த சேனாதிபதிக்கு மனசு வரவில்லை. தன் காரட் கதையையும் அவரிடம் சொன்னார். இருவரும் டீ குடித்தார்கள். புறப்படும்போது பெரியவர், "நீங்களே இப்படிச் சொன்னா நாங்க யாருகிட்டங்க போய்ச் சொல்றது?" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

லீலா இதையெல்லாம் பழனிக்குப் போன் போட்டுத் தன் தங்கை பாண்டிச்செல்வியிடம் ஒன்று விடாமல் சொன்னாள். பாண்டிச்செல்வி அதைப் பழனி முழுக்கச் சொன்னாள். லீலாவின் வீடு பாசி பிடித்த கதை அடிவாரக் கடைகளில் சிரிப்பாய்ச் சிரித்தது.

ஆடி மாதம் காற்றும் சாரலுமாகப் பிடித்துக்கொண்டது. வெளியே உட்கார முடியாமல் லீலா பூண்டை ஹாலுக்குள் கொட்டிக் காம்பு கிள்ள ஆரம்பித்தாள். சேனாதிபதி கொடைக்கானலுக்குப் போயிருந்தார். கரண்ட் இல்லை. ஜன்னல் வழியாக மேக வெளிச்சம் மட்டும் வந்தது.

ஏதோ நினைப்பில் தலையை நிமிர்த்தியவள், எதிரே பூண்டுக் குவியலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் இத்தனை வருஷமாகக் கிள்ளிய பூண்டுதான். ஆனால் அந்தக் கறுத்த பச்சைச் சுவருக்கு முன்னால் ஒவ்வொரு பூண்டும் தனித்தனியாக, முத்து மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. தோலில் ஓடும் ஊதாக் கோடுகூடத் தெரிந்தது. மூலையில் பித்தளை விளக்கு, ஏற்றாமலேயே எரிவதுபோல் இருந்தது. கொடியில் கிடந்த அவளுடைய அரக்குச் சேலைக்கு இவ்வளவு அழகான நிறம் என்று அவளுக்கே அன்றுதான் தெரியும். மாம்பழ மஞ்சளுக்கு முன்னால் இந்தச் சாமான்களெல்லாம் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டிருந்தன. இப்போது அதது அதன் இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தது.

லீலாவுக்குத் தன் அப்பாவின் கடை ஞாபகம் வந்தது. அங்கே எந்தப் பொருளும் சும்மா இருக்காது. எடுத்துக்கொள், வாங்கிக்கொள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அவள் நிறம் சொன்ன வீடும் அப்படியேதான் ரோட்டைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவளிடம் எதையும் விற்கப் பார்க்காத ஒரு அறையில் அவள் உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை. சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது. மறுபடி வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் பூண்டைக் கிள்ளவே இல்லை.

பிடித்துவிட்டது. அதுதான் பெரிய சங்கடமாகப் போயிற்று.

மலையிலிருந்து பழனி அடிவாரம் வரை திட்டித் தீர்த்த நிறத்தை இப்போது எந்த வாயால் நல்லது என்று சொல்வது? அன்று மாலை சேனாதிபதி வந்து, "என்ன, கொஞ்சம் பழகிருச்சா?" என்று ஆசையாகக் கேட்டபோது, "பழகுறதாவது! குகைக்குள்ள குடியிருக்கிற மாதிரி இருக்கு," என்றாள். அவர் முகம் வாடிப்போய்க் கை கால் கழுவப் போனதும், ஈரத்துணியை எடுத்துச் சுவரில் யாரோ வைத்த விரல் ரேகையை மெதுவாகத் துடைத்தாள்.

ஒருவழியாக விருந்தாளிகள் வந்தார்கள். சென்னையிலிருந்து தமிழ்மதி என்ற பெண்ணும் அவள் கணவனும். மேகம் கட்டியிருந்த மதியத்தில் அவர்கள் கார் வாசலைத் தாண்டி இரண்டு முறை போய் வந்தது. கடைசியில் தமிழ்மதி போன் செய்தாள்.

"ஆன்ட்டி, லொகேஷன் இங்கதான் காட்டுது. ஆனா வீட்டையே காணோமே?"

"வீட்டுக்கு முன்னாடிதாம்மா நிக்கிறீங்க. இறங்கி வாங்க."

இறங்கி வந்த தமிழ்மதி சுவரைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். விக்னேஷ் போட்ட போட்டோவை யாரும் மாற்றியிருக்கவில்லை.

"இதுல பிங்க் வீடா இருக்கே ஆன்ட்டி. ஊதாத் தூண் எல்லாம் வச்சு. அதைப் பாத்துதானே புக் பண்ணோம்?"

சேனாதிபதி முன்னால் வந்தார். "அது பழசும்மா. இப்ப இயற்கையோட கலந்த மாதிரி மாத்திட்டோம். உள்ள வந்து பாருங்க, பிரமாதமா இருக்கும்."

உள்ளே வந்தார்கள். கணவன் மனைவி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை.

"என்னம்மா?"

"எங்க ஃப்ளாட் அங்கிள். அப்படியே எங்க ஃப்ளாட்டு ஹால். இதே ஷேட். எங்க பில்டிங்ல எல்லா வீட்டுலயும் இதான். தினம் தினம் இதைப் பாத்துப் பாத்துச் சலிச்சுதான் ரெண்டு நாள் எங்கயாவது போலாம்னு எட்டு மணி நேரத்துக்கு மேல வண்டி ஓட்டிட்டு வந்தோம்."

மறுநாள் வெள்ளனே மேகம் விலகி வெயில் வந்தது. தமிழ்மதி ஜன்னலைத் திறந்தவள் சின்னப் பிள்ளைபோல் கத்தினாள். எதிர்ச் சரிவில், காரட் தோட்டத்துக்கு மேலே, முருகேஸ்வரியின் ரோஸ் வீடு சுடர்விட்டுக்கொண்டிருந்தது. இருவரும் பல் விளக்கியும் விளக்காமலும் அங்கே ஓடினார்கள். அந்த வீட்டுச் சுவரில் சாய்ந்தும், படியில் உட்கார்ந்தும், தூணைக் கட்டிப் பிடித்தும் போட்டோ எடுத்தார்கள். இட்லியும் அங்கேயே சாப்பிட்டார்கள். திரும்பி வந்து தமிழ்மதி வெள்ளை மனதோடு சொன்னாள்: "அந்த ஆன்ட்டிக்குச் செம டேஸ்ட் ஆன்ட்டி. கலர் எல்லாம் அவங்களே செலக்ட் பண்ணதாம்."

லீலா டீ போடத் திரும்பினாள். டீத்தூள் டப்பாவின் மூடியைத் தேவைக்கு அதிகமாக அழுத்தி மூடினாள்.

ஆவணி முடிவதற்குள் முருகேஸ்வரி வாசலிலும் ஹோம்ஸ்டே பலகை தொங்கியது. சனி ஞாயிறானால் அங்கே கார் நிற்கும். சேனாதிபதி தன் வாசலில் நின்று அந்தக் கார்களைப் பார்ப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஸ்வேதாவுக்குப் போன் போட்டு, லீலாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஆமா மாமா, அந்த கிரீன் எல்லாம் இப்ப போயிருச்சு. எல்லாரும் பளிச்னுதான் கேக்கிறாங்க. உங்க பழைய வீடு இருந்துச்சே, அதுதான் இப்ப ட்ரெண்ட்."

"ஏம்மா, அதை மாத்தச் சொன்னதே நீதானம்மா?"

"அப்ப அது ட்ரெண்ட் இல்லையே மாமா."

சேனாதிபதி போனை வைத்தார். ஆனால் அவர் முகம் தெளிந்துவிட்டது. தப்பைத் திருத்த வழி கிடைத்தவரின் தெளிவு. தவிர, மனைவியின் மனமும் இதில் குளிரும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வாயே திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து விடிந்ததும் திருமலைச்சாமி ஏணியோடு வந்து நின்றான். அவன் பின்னால் ரோஸ், ஊதா, மாம்பழ மஞ்சள், வானநீல டப்பாக்கள் ஆட்டோவிலிருந்து இறங்கின.

"லீலா, வெளிய வந்து பாரு!" என்று சேனாதிபதி கல்யாண வீட்டுக் குரலில் கூப்பிட்டார்.

லீலா வந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் ஹாலின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வெளிய என்ன கலர் வேணாலும் அடிச்சுக்கங்க. விக்னேஷ் ரூமுல ஏழு கலரையும் அடிங்க. இந்த ஹால்ல யாரும் கை வைக்கக் கூடாது."

சேனாதிபதிக்குப் புரியவில்லை. "குகைன்ன?"

"சொன்னேன்."

"பாசின்ன. பழனி பூராம் சொல்லிச் சிரிச்ச. இதை அடிச்ச அன்னைக்கு நீ அழுதது எனக்குத் தெரியாதா?"

"நான் எங்க அழுதேன்? வெங்காயம் உரிச்சேன்."

"அன்னைக்கு வீட்டுல வெங்காயமே இல்ல லீலா. நான்தானே முதல் நாள் சந்தைக்குப் போயிட்டு வாங்காம வந்தேன்."

லீலா நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை மாதமாக அவர் அதைத் தெரிந்தே வைத்திருந்திருக்கிறார். வாசலில் திருமலைச்சாமி ஏணியைத் தோளில் வைத்தபடி, கேட்டும் கேட்காததுபோல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரிஞ்சுமா அன்னைக்கு ஒரு வார்த்தை கேக்கல?" என்றாள் லீலா. குரல் ஏறவில்லை. "மஞ்சளை எடுத்தப்பவும் கேக்கல. இன்னைக்கு மஞ்சளைத் திருப்பிக் கொண்டாந்தப்பவும் கேக்கல. எனக்கு மஞ்சள் புடிக்கும், பச்சை புடிக்காதுன்னு நீங்களாவே ஒரு முடிவு பண்ணிட்டுச் சோலியை ஆரம்பிச்சிர்றீங்க. நான் என்ன செவரா, வந்து அடிச்சிட்டுப் போக?"

சேனாதிபதி வாசல் பக்கம் திரும்பினார். வெளியே இருந்த டப்பாக்களைப் பார்த்தார். பிறகு அவளுக்கு எதிரே தரையில் மெல்ல உட்கார்ந்தார். முழங்கால் மடக்கென்றது.

"சரி. இப்பக் கேக்கிறேன். உனக்கு என்ன கலர் வேணும்?"

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு வந்த கேள்வி. கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டாள்.

"இங்க இருக்கிறது இருக்கட்டும்," என்றாள்.

வெளிச்சுவர் ரோஸ் ஆனது, தூண் ஊதா ஆனது, விக்னேஷின் அறை மாம்பழ மஞ்சளானது, படுக்கையறை மறுபடி வானநீலமானது. இரண்டு வாரத்தில் விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். ரேஞ்சர் பதவி சேனாதிபதியிடமிருந்து போயிற்று. லீலா தன்னைப் பார்த்து ரோஸ் அடித்துவிட்டதாக முருகேஸ்வரி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பாண்டிச்செல்விக்குப் போன் போட்ட லீலா, பச்சை போய் ரோஸ் வந்ததைச் சொன்னாள். ஹாலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

ஹால் கதவைச் சாத்தியே வைத்தார்கள். உள்ளே என்ன என்று கேட்கும் விருந்தாளிகளிடம் சேனாதிபதி, ட்ரெண்ட் தப்பிய நிறத்தைக் காட்ட வெட்கப்பட்டு, உருளைக்கிழங்கு போட்டு வைக்கும் அறை என்று சொன்னார். ஆனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்த அறைக்குத்தான் தூங்க வந்தார். மற்ற அறையில் கண் கூசுகிறதாம்.

ஐப்பசியில் பெங்களூரிலிருந்து ஒரு பெண் தனியாக வந்து தங்கினாள். இரண்டாம் நாள், தண்ணீர் கேட்க வந்தவள் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்து நின்றுவிட்டாள். கறுத்த பச்சைச் சுவர், அதன் அடியில் வெள்ளைப் பூண்டு, ஒரு மூலையில் குறட்டை விட்டுக்கொண்டு சேனாதிபதி.

"ஆன்ட்டி, இந்த ரூம் எவ்வளவு அமைதியா இருக்கு! எனக்கு இதைத் தர முடியுமா?"

லீலா சொம்பில் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள்.

"அது வாடகைக்கு இல்லம்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கணவர் எழுந்துவிடாதபடி கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பூண்டைக் கிள்ளத் தொடங்கினாள்.